உப்புத் தொட்டியில் அலையாத்தி: பல்லடத்து வீட்டில் மூன்றரை ஆண்டுகள்

எங்கள் வீட்டு வாசலில் இரண்டு குழாய்கள். ஒன்றில் வருவது உப்புத் தண்ணீர், அதாவது போர்த் தண்ணீர். பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் அதுதான். இன்னொன்றில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் வரும். அண்டா, குடம், சொம்பு என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். அப்படிப்பட்ட வீட்டில், நல்ல தண்ணீரை ஆர்.ஓ.வில் வடித்து அதில் கிலோக்கணக்கில் உப்பைக் கொட்டி நான் கலக்கியதைப் பார்த்த அன்று, அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றார். "ஏன் கண்ணு, உப்புத் தண்ணீர்தான் வேண்டுமென்றால் அந்தக் குழாயைத் திறந்தால் போதாதா?"

நியாயமான கேள்விதான். எங்கள் போர்த் தண்ணீர் டி.டி.எஸ். மீட்டரில் (தண்ணீரில் கரைந்த உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி) 1,600 காட்டும். வாயில் வைக்க முடியாது. ஆனால் கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதே கணக்கில் 35,000. இதைச் சொன்னதும் அம்மா இன்னும் கவலைப்பட்டார்.

தொட்டி மூன்றடி நீளம், 150 லிட்டர். மணல் நான்கு அங்குலம். பவளம் வைக்கவில்லை, பாறை கட்டும் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருப்பவை, யார் விற்றாலும் வாங்காதீர்கள். மீனுக்கு மோலி போதும் என்று முடிவு செய்தேன். நன்னீர்க் கடையில் வாங்கிய மோலியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உப்பேற்றிப் பழக்கினால் கடல் நீரிலும் குஞ்சு போடும். என் நோக்கம் மீன் அல்ல, மரம்: கடலோரச் சேற்றில் அலைநீரில் வளரும் அலையாத்தி.

2021 புரட்டாசியில் நாற்றுப்பண்ணை ஒன்றிலிருந்து நண்பர் வாங்கி அனுப்பியவை ஆறு முளைக்காய்கள், அதாவது முளைவிட்ட விதைகள். அலையாத்தியில் இரண்டு வகை: நான்கு சுரபுன்னை, இரண்டு வெண்கண்டல். (காட்டுக்குள் போய்ப் பறிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காடு வனத்துறையுடையது. 2022இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.) சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீண்டு தொங்கி, பிறகுதான் சேற்றில் விழும். பார்சலைப் பிரித்த அப்பா, "முருங்கைக்காய்க்கா இவ்வளவு செலவு?" என்றார்.

முதல் ஆண்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முளைக்காயைக் கரும்பு நடுவதுபோல ஆழப் புதைக்காதீர்கள், அழுகும். வேர்நுனி மட்டும் தண்ணீரில் படும்படி தெர்மாகோலில் செருகி மிதக்கவிட்டேன். ஒரு மாதம் கழித்து வெள்ளை வேர்கள் வந்தன. அதன் பிறகுதான் மணலில் ஊன்றினேன். முதல் ஜோடி இலை விரிய மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் இலையின் அடிப்பக்கம் முழுக்கப் பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள். பூச்சி என்று பதறி, பருத்திக்கு அடிக்கும் மருந்தைத் தேடும் அளவுக்குப் போய்விட்டேன். சுரபுன்னை இலைக்கு அந்தப் புள்ளிகள் இயல்பு. மருந்து அடித்திருந்தால் மீன் மிஞ்சியிருக்காது.

வெண்கண்டல்தான் வீட்டாருக்குப் பிடித்தது. சுரபுன்னை பெரும்பகுதி உப்பை வேரிலேயே தடுத்து நிறுத்திவிடும். வெண்கண்டல் உள்ளே வந்துவிட்ட உப்பை இலை வழியாகக் கக்கும். காலையில் விளக்கைப் போட்டால் இலைமேல் சர்க்கரை தூவியதுபோல மினுங்கும். என் மகள் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "அப்பா, இந்த இலைக்கு அப்பத்தா உப்புப் போட்டுவிட்டார்களா?" என்றாள். அன்றிலிருந்து காலையில் ஸ்பிரேயரால் நல்ல தண்ணீர் தெளித்து எல்லா இலைகளையும் கழுவுவது அவள் வேலை.

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

2023 சித்திரையில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். ஈரோட்டில் பன்னிரண்டு நாள் தங்கிவிட்டோம். தொட்டியை அப்பாவிடம் ஒப்படைத்தேன். "தண்ணீர் குறைந்தால் டிரம்மில் இருப்பதை ஊற்றுங்கள்" என்றுதான் சொன்னேன். டிரம்கள் இரண்டு இருந்தன. ஒன்றில் ஆர்.ஓ. தண்ணீர், இன்னொன்றில், தண்ணீர் மாற்றுவதற்காகக் கலக்கி வைத்த உப்புத் தண்ணீர். அப்பா நாள் தவறாமல் இரண்டாவதை ஊற்றினார். கடலுக்குக் கடல் தண்ணீரைத்தானே ஊற்ற வேண்டும்?

சித்திரை வெயிலில் தொட்டியிலிருந்து தினம் மூன்று நான்கு லிட்டர் ஆவியாகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு உள்ளேயே கிடக்கும். அதன்மேல் மறுபடியும் உப்புத் தண்ணீர். ஊரிலிருந்து வந்து அளந்தபோது 1.025 இருக்க வேண்டிய ஒப்படர்த்தி (நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால் உப்புத் தண்ணீரின் அடர்த்தி) 1.034. லிட்டருக்கு 45 கிராம் உப்பு. சுரபுன்னை இலைகள் தாழம்பூ நிறத்தில் மஞ்சளாகி, தொட்டால் உதிர்ந்தன. வெண்கண்டல் இரண்டும் மொட்டைக் குச்சிகள். மோலிகள் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நீந்திக்கொண்டிருந்தன.

அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணத்தை விளக்கியதும், "நம் தோப்பில் சொட்டுநீர்க் குழாய் ஓரமாக வெள்ளை பூத்துக் கிடக்கிறதே, அதுவா?" என்று கேட்டார். அதேதான். பிச்சாவரத்தில் நடந்ததும் அதேதான். ஒரு காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட பகுதிகள் தாழ்ந்து பள்ளமாக, உள்ளே வந்த அலைநீர் திரும்பிப் போக வழியின்றித் தேங்கிக் காய்ந்து, உப்பு ஏறி, அலையாத்தியே முளைக்காத தரை ஆயிற்று. 1990களில் வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலை போய்வர வழி செய்து கன்று நட்ட பிறகுதான் பச்சை திரும்பியது. உப்பில் வாழும் மரம் என்றாலும் அது கேட்பது தண்ணீரைத்தான்.

என் வாய்க்கால் ஒரு மக். தினமும் ஆறு லிட்டர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆறு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றினேன். அவசரப்பட்டு ஒரே நாளில் இறக்கினால் மீனும் தாங்காது, வேரும் தாங்காது. பதினைந்து நாளில் 1.018க்கு வந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். சுரபுன்னை முழுக் கடல் உப்பைவிடக் குறைந்த உப்பில்தான் நன்றாக வளரும். பவளம் இல்லாத தொட்டிக்கு 1.025 எதற்கு?

பிழைத்ததா என்று பார்க்க நகத்தால் தண்டைச் சுரண்டுவோமே, அதைச் செய்தேன். எல்லாவற்றிலும் பச்சை தெரிந்தது. ஆனால் அந்தப் பச்சையை நம்பி ஏமாந்தேன். சுரபுன்னையில் பார்க்க வேண்டியது உச்சிமொட்டு. இரண்டில் அது கூர்மையாக, அழுத்தினால் கெட்டியாக இருந்தது, அவை தப்பின. மற்ற இரண்டில் மொட்டு சுருங்கிக் கறுத்திருந்தது. முருங்கையை வெட்டினால் துளிர்ப்பதுபோலத் துளிர்க்கும் என்று நுனியைக் கத்தரித்துவிட்டு நான்கு மாதம் காத்திருந்தேன். முற்றிய தண்டிலிருந்து சுரபுன்னை துளிர்ப்பதில்லை. வெண்கண்டலில் ஒன்று, குப்பையில் போட எடுத்த அன்று, அடித்தண்டில் மிளகு அளவில் ஒரு முளை விட்டிருந்தது. இன்று அதுதான் தொட்டியில் அதிகக் கிளை உள்ள செடி. மணலுக்கு மேலே ஏழெட்டு மூச்சுவேர்கள் பென்சில் முனைபோல எட்டிப் பார்க்கின்றன.

அடுத்த தொல்லை காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வருகிற காற்று எங்கள் ஊர்க் காற்றாலைக்காரர்களுக்கு வரம். அலையாத்தித் துளிருக்கு எமன். ஜன்னல் பக்கத்துத் துளிரெல்லாம் விரிவதற்குள் கருகின. தொட்டிக்கு மேலே பாலித்தீன் தாளால் கூடாரம் கட்டி, ஒரு பக்கம் மட்டும் திறந்துவிட்டேன். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

புதிய இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் வெளிறி வந்தபோது அதைக் கண்டுபிடித்தது அப்பா. "இரும்புச்சத்து இல்லை" என்று ஒரே பார்வையில் சொல்லி, தென்னைக்கு வைக்கும் நுண்ணூட்டப் பொட்டலத்தோடு வந்தார். நோய் சரி, மருந்து ஆகாது. அதில் தாமிரம் இருக்கும்; தொட்டியில் இருக்கும் நத்தையும் நண்டும் ஒரே இரவில் போய்விடும். தனி இரும்புக் கலவை வாங்கி வாரம் சில சொட்டு விட்டேன். இரண்டு மாதத்தில் நிறம் திரும்பியது.

அலையாத்தி வைத்தால் தண்ணீர் தானாகச் சுத்தமாகிவிடும் என்று சொல்லித்தான் பலர் விற்கிறார்கள். என் அளவுக்குறிப்புகளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. இந்த வேகத்தில் வளரும் மூன்று செடி, மீன் கழிவிலிருந்து சேரும் நைட்ரேட்டை எவ்வளவு உறிஞ்சிவிடும்? கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மர் கருவியும் மாதாந்தரத் தண்ணீர் மாற்றமும்தான் வேலையைச் செய்கின்றன. உதிர்ந்த இலையை எடுக்காவிட்டால் தண்ணீர் டீ நிறத்துக்கு வேறு மாறும். அழகுக்கும் பொறுமைக்கும் வளர்ப்பதென்றால் வளருங்கள். மூன்றரை ஆண்டில் பெரிய சுரபுன்னை இரண்டடிதான்.

அந்த இரண்டடியே இப்போது சிக்கல். உச்சி விளக்கை முட்டுகிறது. கத்தரித்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்தாயிற்று. தோட்டத்து போர் ஓரம் நட்டுவிடலாம், அங்கேதான் உப்புத் தண்ணீர் வீணாகிறதே என்கிறார் அப்பா. விளக்கை ஓரடி உயர்த்த நேற்றுத்தான் மேலே கொக்கி அடித்தேன்.