ஃபேஸ்புக் ரிப்போர்ட் பட்டன்: ரங்கூன்ல இருந்து ஒரு ரிவ்யூ (5-க்கு 2)

நம்ம ஊர்ல இன்டர்நெட்னாலே ஃபேஸ்புக்தான். 2014-ல டெலிநார், ஊரிடூன்னு ரெண்டு வெளிநாட்டு போன் கம்பெனி வந்து சிம் கார்டு 1,500 கியாட்டுக்கு கெடைக்க ஆரம்பிச்சதும் போன் வாங்குன எல்லாரும் நேரா போய் நின்ன எடம் அது. மோல்மீன் சித்தப்பா, 60-கள்ல கப்பலேறிப் போய் வியாசர்பாடில குடியேறின அத்தை குடும்பம், பீலிக்கான் கோயில் தீமிதி வீடியோ, எல்லாம் அதுலதான் பாக்குறோம், அந்த வேலைக்கு முழு மார்க் குடுத்துடலாம். நான் எழுத வந்தது வேற. ஒருத்தரை நாலு பேர் சேந்து அசிங்கமா திட்டும்போது இந்த சர்வீஸ் யார் பக்கம் நிக்குது?

ரொம்ப வருஷம் யார் பக்கமும் நிக்கல. 2014 ஜூலைல மாண்டலேல ஒரு பொய்யான பாலியல் புகார் ஷேர் ஆகி ஷேர் ஆகி கலவரமாகி ரெண்டு உயிர் போச்சு. அதுக்கப்புறமும் 2015 ஆரம்பத்துல பர்மிய மொழி தெரிஞ்சு போஸ்ட் பாக்க அந்தக் கம்பெனில ரெண்டே பேர்தான் இருந்தாங்கன்னு பின்னால ராய்ட்டர்ஸ் வெளிய கொண்டு வந்துச்சு, இவ்ளோ பெரிய நாட்டுக்கு ரெண்டு பேர்! நம்மள மாதிரி இந்திய வம்சாவளி ஆளுங்களையும் முஸ்லிம்களையும் மட்டமா கூப்பிடுற 'கலா'ங்கிற வார்த்தைய 2017-ல தடை பண்ணாங்க, நல்லதுதான், ஆனா கடலைப்பருப்புக்கு இங்க பேரே 'கலாபே', அதைப் பத்தி எழுதுனவங்க போஸ்ட்டும் சேந்து போச்சு. வார்த்தையப் பாத்தாங்களே தவிர யாரு யாரை அடிக்கிறான்னு பாக்கல.

2018 ஏப்ரல்ல இங்க உள்ள ஆறு அமைப்புங்க ஃபேஸ்புக் தலைவர் ஸக்கர்பர்க்குக்கு பகிரங்கமா லெட்டர் போட்டாங்க, கலவரத்தைத் தூண்டுற மெசேஜை எங்க சிஸ்டம் கண்டுபிடிச்சிச்சுன்னு அவர் பேட்டி குடுத்ததுக்கு, இல்ல, கண்டுபிடிச்சு உங்களுக்குச் சொன்னதே நாங்கதான்னு. அந்த வருஷம் ஆகஸ்ட் 27-ல தான் ராணுவத் தளபதி மின் ஆங் லைங் உட்பட 18 அக்கவுண்ட்டும் 52 பேஜும் தூக்குனாங்க. அதுக்குள்ள ராணுவம் அடிச்சு விரட்டுனதுல ரோஹிங்கியா முஸ்லிம்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல பங்களாதேஷுக்கு ஓடியாச்சு. நாங்க போதுமான அளவு செய்யலன்னு நவம்பர்ல கம்பெனியே ஒத்துக்கிச்சு. நடுவுல நிக்கிறோம்னு சொன்ன அத்தனை வருஷமும் அடிச்சவனுக்குத்தான் லாபம், அடிவாங்குனவனுக்கு ஒன்னுமில்ல, எனக்கு இதுல சந்தேகமே கெடையாது.

சரி இப்ப பட்டன் எப்படி. மூணு புள்ளிய அமுக்கி ரிப்போர்ட், காரணத்தைத் தேர்ந்தெடுத்தா நன்றின்னு வரும், ஈஸிதான். ஆனா ஆளைச் சேத்து நூறு ரிப்போர்ட் அடிச்சா போஸ்ட் போயிடும்னு நெனைக்காதீங்க, எண்ணிக்கைய பாக்க மாட்டோம், விதி மீறலான்னுதான் பாப்போம்னு கம்பெனியே சொல்லிடுச்சு. அதனால சரியான காரணத்தைத் தேர்ந்தெடுங்க, ஸ்கிரீன்ஷாட் முதல்ல எடுத்து வச்சுக்கங்க.

பட்டனால ஆகாத வேலையும் இருக்கு. நான் இருக்கிற ஒரு தமிழ் குரூப்ல ஒரு பொண்ணு பர்மாக்காரப் பையனோட நிச்சயதார்த்த போட்டோ போட்டுச்சு, கீழ ஒரு கூட்டம் எறங்கி சாதி, குடும்பம், ஒடம்புன்னு எதையும் விடாம எழுதித் தள்ளுனாங்க. அட்மின் அண்ணன் வந்து "ரெண்டு பக்கமும் அமைதியா இருங்க, நம்ம குரூப்ல சண்டை வேணாம்"னு போட்டாரு. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை பேசல, அவளுக்கு ஏதுங்க பக்கம்? நல்ல மனுஷன்தான் அவரு, பகைச்சுக்க வேணாம்னு பாத்தாரு, ஆனா அந்த ஒரு வரிய பாத்ததும் திட்டுனவங்களுக்கு இன்னும் தெம்பு வந்துச்சு. கடைசில தட்டோன்ல இருக்கிற ஒரு பெரியம்மா, எப்பவும் சாமி படம் மட்டும் போடுறவங்க, "தம்பிகளா, இது எங்க வீட்டுப் புள்ள மாதிரி. இன்னொரு வார்த்தை எழுதுனா உங்க அம்மாவுக்கு நானே போன் போடுவேன்"னு எழுதுனாங்க. அதுக்குக் கீழ தயங்கிக்கிட்டு இருந்தவங்க எல்லாம் வாழ்த்து போட ஆரம்பிச்சாங்க, ரெண்டு மூணு பேர் எழுதுனதை அவங்களே அழிச்சிட்டாங்க.

2014-ல 'பன்சகா' இயக்கத்துக்காரங்க வாயில பூ வச்சு போட்டோ போட்டு வெறுப்புப் பேச்சு வேணாம்னு சொன்னதும் இதே தைரியம்தான், ஊரே கொதிச்சுக்கிட்டு இருந்த நேரத்துல அது சாதாரண விஷயம் இல்ல.

ஒன்னு கவனிக்கணும், திட்டுறவனே போட்ட போஸ்ட்டுக்குக் கீழ போய் சண்டை போட்டா கமெண்ட் ஏறி அது இன்னும் நாலு பேருக்குப் போகும். பாதிக்கப்பட்டவங்களுக்கு ஆதரவா தனியா எழுதுங்க, அவங்களுக்கு இன்பாக்ஸ்லயும் ரெண்டு வார்த்தை போடுங்க. அட்மினுக்கு குரூப் செட்டிங்ஸ்ல நல்ல வசதி இருக்கு, போஸ்ட் அப்ரூவல் வைக்கலாம், கமெண்டை நிறுத்தலாம், கொஞ்ச நாளைக்கு ஆளை முடக்கலாம், அடியோட நீக்கலாம். அந்த ரெண்டு ஸ்டாரும் இதுக்குத்தான். 2021-ல இங்க ஃபேஸ்புக்கை முடக்கினதுல இருந்து விபிஎன் (தடையைச் சுத்திப் போற ஆப்) போட்டுத்தான் உள்ள வரணும், லைன் எப்ப அறுந்துபோகும்னு தெரியாது, அதனால ஒரே ஒரு அட்மினை நம்பி குரூப்பை விடாதீங்க, வேற வேற ஊர்ல மூணு பேரையாவது வைங்க, அதுல ஒருத்தராவது பொம்பளையா இருக்கட்டும்.