சுங்கை சிப்புட் டேபிள் டாப் பட்டறை: வேலைக்குச் சேரலாமா?

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி, தொழிற்பேட்டையின் கடைசி வரிசையில் இருக்கிறது இந்தப் பட்டறை. சமையலறை மேடைக்கான கல் டேபிள் டாப்பை இங்கே செய்து வாங்கியவர்களைக் கேட்டால் குறை சொல்ல மாட்டார்கள். ஃபுட் ரன் கணக்கில் (ஓர் அடி நீளத்துக்கு இவ்வளவு என்று) விலை நியாயம், ஜாயிண்ட் கண்ணுக்குத் தெரியாது, சொன்ன தேதியில் வந்து பொருத்திவிடுவார்கள். ஆனால் இந்த விமர்சனம் வாடிக்கையாளருக்கு இல்லை. எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டு பேக்டரியா, சிங்கப்பூரா என்று யோசிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

முதலிலேயே சொல்லிவிடலாம். தொழில் கற்க இந்த வட்டாரத்தில் நல்ல இடம். பட்டறைக்குள் தூசியை ஓரளவு அடக்கி வைத்திருக்கிறார்கள். வீடுகளுக்குப் பொருத்தப் போகும்போது அந்த அக்கறை எல்லா லோரியிலும் ஏறுவதில்லை.

பெரிய விளம்பரம் எதுவும் கிடையாது. இரும்புக் கதவில் ‘ஜாவாத்தான் கோசோங்’ (வேலை காலி) என்று ஒரு தாள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். நேரில் போனால் சான்றிதழை யாரும் புரட்டுவதில்லை. அரைநாள் வேலை கொடுத்துப் பார்க்கிறார்கள். லோரி ஓட்ட ஜி.டி.எல். (சரக்கு வாகன) உரிமம் இருந்தால் கூடுதல் மதிப்பு. கட்டுமான இடங்களுக்கு அனுப்ப சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் வாரியம்) தரும் பச்சை அட்டை வேண்டும். அதை முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பவரை உடனே பிடித்துக்கொள்கிறார்கள்.

சோதனையில் முதலில் வருவது டேப். எல் வடிவ மூலை ஒன்றை அளக்கச் சொல்வார்கள். இரண்டு நீளத்தை எழுதி நீட்டினால் கதை முடிந்தது, ஏனென்றால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு மூலைகள் 90 டிகிரியில் இருப்பது அபூர்வம். ஒரு சுவரில் 90 செ.மீ., இன்னொன்றில் 120 செ.மீ. குறித்து, குறுக்கே 150 வருகிறதா என்று பார்க்க வேண்டும். 152 வந்தால் மூலை விரிந்திருக்கிறது. அதைக் கவனிக்காமல் நேர்மூலையாக வெட்டினால், 600 மி.மீ. அகல டேபிள் டாப்பின் ஓரத்தில் ஒன்றரை செ.மீ.க்கு மேல் இடைவெளி விழும். சிலிக்கோன் அடைத்து மறைக்கிற அளவு இல்லை அது. சுவரின் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா என்று நீளமான அலுமினியத் தடியை வைத்தும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பாலிஷ். ஒரு துண்டுக் கல்லின் விளிம்பைக் கொடுத்து, வைரப் பேட்களை, சொரசொரப்பு எண் 50-இல் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 வரை வரிசையாக ஓட்டச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு 200-இலிருந்து 800-க்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். விளிம்பு பளபளக்கும், ஆனால் விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கீறல் அத்தனையும் தெரியும். கறுப்புக் கல்லில் விளக்கே தேவையில்லை. இன்னொரு பொறி, அங்கே வேண்டுமென்றே பக்கத்தில் கிடக்கும் சாதாரண 4 அங்குலக் கிரைண்டர். அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 சுற்று ஓடும். தண்ணீர் பேட்டுக்கு 4,000 போதும். வேகம் கூடினால் குவார்ட்ஸில் (கல்மாவை ரெசின் பிசினில் சேர்த்துச் செய்யும் செயற்கைக் கல்) இருக்கும் ரெசின் கருகி வெள்ளைத் திட்டு விழும், பேட்டும் வீண். வேகம் குறைக்கக்கூடிய பாலிஷரைத் தேடி எடுக்கிறவரை மண்டோர் (மேற்பார்வையாளர்) மனதில் குறித்துக்கொள்கிறார்.

சேர்ந்த பிறகு சொல்லிக்கொடுப்பதில் கஞ்சத்தனம் இல்லை. ஹாப் அடுப்புக்கு (கல்லில் பதிக்கும் அடுப்பு) துளை வெட்டும்போது நான்கு மூலையிலும் முதலில் வட்டமாகத் துளைத்துவிட்டு, பிறகு நேர்க்கோடுகளை வெட்டப் பழக்குகிறார்கள். கூர்மூலையாக விட்டால் அடுப்புச் சூட்டில் அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். சிங்க் வெட்டிய கல்லின் குறுகலான முன்பட்டை தூக்கும்போது ஒடியாமல் இருக்க, அதன் நீளத்துக்குத் தடி வைத்து கிளாம்ப் போட வைக்கிறார்கள். வேறு சில பட்டறைகளில் ஒரு வருடம் கல் சுமந்தாலும் இதெல்லாம் கையில் வராது.

3.2 மீட்டருக்கு 1.6 மீட்டர், 20 மி.மீ. கனமுள்ள குவார்ட்ஸ் ஸ்லாப் ஏறக்குறைய 250 கிலோ. இங்கே அதைச் செங்குத்தாக, கிரேன் கிளாம்பில்தான் நகர்த்துகிறார்கள். ஏ வடிவச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் கல்லை இறக்குவதில்லை. ஸ்லாப் சாயத் தொடங்கினால் பிடிக்கப் போகாதே, விலகு என்பது முதல் நாள் பாடம். சரியான பாடம். கல் போனால் காசு மட்டும்தான் போகும்.

இனி தூசி. குவார்ட்ஸ் ஸ்லாபில் 90 விழுக்காடு வரை, சிலவற்றில் அதற்கு மேலும், சிலிக்கா இருக்கும். கிரானைட்டில் அதில் பாதிக்கும் குறைவு, மார்பிளில் சொற்பம். உலர்ந்தபடி வெட்டினால் பறக்கும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிகோசிஸ் தரும்; குணப்படுத்த மருந்து இல்லை, அதிகத் தூசியில் பத்து வருடத்துக்குள்ளேயே வரலாம். இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்த வகைச் செயற்கைக் கல்லையே தடை செய்தது.

பட்டறையில் பெரிய ரம்பம் தண்ணீரில் ஓடுகிறது, தரை எப்போதும் ஈரம். ஆனால் மாலையில் கம்ப்ரசர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பகலெல்லாம் தண்ணீர் அடக்கி வைத்த மாவை மூக்குக்கே திருப்பி அனுப்புவது இது. வீட்டில் பொருத்தும்போது ஒரு கூட்டத்தில் இன்னும் மோசம்: குழாய்த் துளை, விளிம்பு சரிசெய்வது எல்லாம் உலர் கிரைண்டர், முகத்தில் துணி மாஸ்க். துணி இந்தத் தூசியைத் தடுக்காது. 35 மி.மீ. குழாய்த் துளையைப் பட்டறையிலேயே போட்டு அனுப்பலாம்; தவறினால் துளையைச் சுற்றிப் புட்டிக் களிம்பால் வரப்பு கட்டித் தண்ணீர் விட்டு வெட்டலாம். பத்து நிமிடம் கூடும், அவ்வளவே. சேருகிறவர் நுண்தூசியைத் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட அரைமுக மாஸ்க் கேட்க வேண்டும். தாடி இருந்தால் அது ஒட்டாது. மழித்துக்கொண்டுதான் போட வேண்டும்.

சம்பளம் 1,700 ரிங்கிட்டில் தொடங்குகிறது, அதாவது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். வாரம் 45 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு. பெருநாளுக்கு முன்பு ஓவர்டைம் கொட்டும். மூன்று மாதப் பயிற்சிக் காலத்தில் இ.பி.எஃப். (சேமநிதி) கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்வார்கள். அப்படி ஒரு சலுகை முதலாளிக்குச் சட்டத்தில் இல்லை. முதல் சம்பளத்திலிருந்தே இ.பி.எஃப். கட்ட வேண்டும், சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) 30 நாளுக்குள் பதிய வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குப் பிறகு இ.பி.எஃப். இணையக் கணக்கான ஐ-அக்காவுனைத் திறந்து பார்த்தால் கட்டினார்களா என்று தெரிந்துவிடும். கேட்டவர்களுக்குக் கட்டியிருக்கிறார்கள், கேட்காதவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

ஆஸ்துமா உள்ளவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். மற்றவர்கள் சேருவதற்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று எடுத்து வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது என்றால் ஒப்பிட அது வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது ஸ்லாப் அடுக்கையோ முதலாளியின் மேசையையோ பார்க்காமல், லோரியின் பின்னால் ஏறிப் பாருங்கள். தண்ணீர் டப்பாவும் ஃபில்டர் பெட்டியும் இருக்கும் லோரியில் போகிற கூட்டத்தில் சேர்த்துவிடச் சொல்லிக் கேளுங்கள். பொருத்தப் போவது இரண்டு கூட்டம், அவை இருப்பது ஒன்றின் லோரியில்தான்.