டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் ரத்தப் பரிசோதனை: எந்த டெஸ்ட், எந்த நாளில்?

உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) குறைந்ததால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட மூன்றாம் நாள் ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட்டில் 1,050 என்று வரலாம். பக்கத்திலேயே 'அதிகம்' என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதே ஆள் அதே டோஸில் பதினான்காம் நாள் போனால் 280 வரலாம், இப்போது 'குறைவு'. முதல் ரிப்போர்ட்டை மட்டும் பார்க்கும் டாக்டர் டோஸைக் குறைப்பார், இரண்டாவதை மட்டும் பார்ப்பவர் கூட்டுவார். கடைசி ஊசி என்றைக்குப் போட்டது என்று கேட்காமல் செய்தால் இரண்டு முடிவும் தப்பாகிவிடும்.

சிகிச்சையில் இருப்பவர்கள் பெரும்பாலும் எந்த டெஸ்ட் துல்லியமானது, எந்த லேப் நல்லது என்றுதான் விசாரிக்கிறார்கள். அதெல்லாம் அவசியமான கேள்விகளே. ஆனால் எந்த நேரத்தில் எடுத்த ரத்தம் என்பது தெரியாவிட்டால் மிகத் துல்லியமான டெஸ்டாலும் பலனில்லை. அதனால் நேரத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். (இந்தக் கட்டுரையில் வரும் டெஸ்டோஸ்டிரோன் எண்கள் எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற கணக்கு. உங்கள் ரிப்போர்ட் லிட்டருக்கு நானோமோல் என்று இருந்தால் 28.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

ஊசியில் இருப்பவர்களுக்கு: நடுநாளா, கடைசி நாளா?

சைபியோனேட், எனாந்தேட் இரண்டும் எண்ணெயில் கரைத்துப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி வகைகள். போட்ட சில நாட்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, பிறகு அடுத்த ஊசி வரை இறங்கிக்கொண்டே வரும். இந்த இறக்கத்தில் எந்த இடத்தில் ரத்தம் எடுப்பது என்பதில் இரண்டு வழிகள் உண்டு.

இரண்டு ஊசிகளுக்கு நடுவே எடுப்பது ஒரு வழி. அமெரிக்க எண்டோகிரைன் சொசைட்டியின் (ஹார்மோன் மருத்துவர்களின் அமைப்பு) 2018 வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. நடுநாள் அளவு 350-க்குக் கீழே போனாலோ 600-க்கு மேலே போனாலோ டோஸையோ இடைவெளியையோ மாற்ற வேண்டும் என்பது அதன் கணக்கு. உடம்பில் சராசரியாக எவ்வளவு ஓடுகிறது என்பதை ஒரே டெஸ்டில் ஓரளவு சொல்லிவிடும் என்பது இதன் பலம். ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பது தெரியாமல் போவது பலவீனம். ஏழாம் நாள் 500 என்று அழகாக வரும், ஆனால் ஆளோ பதினோராம் நாளிலிருந்து சோர்ந்து, எரிச்சலோடு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் எடுப்பது இன்னொரு வழி. கடைசி நாட்களின் சோர்வுக்குக் காரணம் இருக்கிறதா என்பது இதில் தெரிந்துவிடும். ஆனால் இதை மட்டும் நம்புவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கடைசி நாள் அளவு குறைவாக இருக்கிறதே என்று டோஸைக் கூட்டினால், கூடவே உச்சமும் ஏறும். உச்சம் ஏறினால் சிவப்பணுக்களும் கூடும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இந்த நிலையில் டாக்டரிடம் கேட்க வேண்டியது, மொத்த டோஸைக் கூட்டாமல் இடைவெளியைக் குறைக்க முடியுமா என்பதுதான். இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் போடுவதைப் பாதிப் பாதியாக வாராவாரம் போட்டால் உச்சம் தணியும், அடிமட்டம் உயரும்.

என் தேர்வு இது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போடுபவர்களுக்கு வழக்கமான டெஸ்ட் நடுநாளில் போதும். கடைசி நாட்களில் தொந்தரவு இருந்தால் மட்டும் ஒருமுறை ஊசிக்கு முன் எடுத்துப் பார்க்கலாம். வாரம் ஒருமுறையோ இருமுறையோ போடுபவர்களுக்கு ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் ஊசிக்கு முன் எடுப்பதே வசதி, நாள் மாறிப்போகவும் வாய்ப்பில்லை. பத்து முதல் பதினான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் அன்டெக்கனோயேட் ஊசிக்கு இந்தக் குழப்பமே கிடையாது, அடுத்த ஊசிக்குச் சற்று முன்னால் எடுப்பதுதான் முறை.

காலை வேளை பற்றியும் ஒரு வார்த்தை. சிகிச்சை தொடங்கும் முன், நோயைக் கண்டறிய, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு தனித்தனி நாட்களில் எடுக்கச் சொல்வார்கள். உடம்பு சொந்தமாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் காலையில் கூடி மாலையில் குறையும் என்பதுதான் காரணம். ஊசி தொடங்கிய பிறகு அந்தச் சுரப்பு அடங்கிவிடும். ஆகவே காலையா மாலையா என்பதைவிட ஊசி போட்டு எத்தனையாவது நாள் என்பதே முக்கியமாகிவிடுகிறது.

ஜெல் தடவுபவர்களுக்கு

ஜெல் தொடங்கி ஒரு வாரமாவது ஆன பிறகு, தடவி 2 முதல் 8 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்கிறது அதே வழிகாட்டுதல். அன்றைக்கு மட்டும் தடவாமல் போய் டெஸ்ட் எடுப்பவர்களும் உண்டு. அது முந்தைய நாள் மருந்தின் மிச்சத்தை மட்டுமே காட்டும். அந்த எண்ணை, தடவியபின் எடுத்த பழைய எண்ணோடு வைத்துப் பார்க்கவே கூடாது.

ஜெல்லில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோளிலும் மேல்கையிலும் தேய்க்கும்போது முழங்கை மடிப்பு வரை கொஞ்சம் வழிந்திருக்கும். ஊசி குத்தும் இடத்தில் ஜெல் ஒட்டியிருந்தால் அது சாம்பிளிலேயே கலந்து, நம்பவே முடியாத உயரத்துக்கு எண் போகும். விரல் நுனியில் குத்தி எடுக்கும் கிட்டுகளிலும் இதே கதைதான், ஜெல்லைத் தேய்த்ததே அந்த விரல்தானே. ஜெல் படாத இடத்தில், நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள். போதாதற்கு, ஜெல்லில் இருப்பவருக்கு நாளுக்கு நாளே அளவு மாறும். ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்து டோஸை மாற்றுவதை நான் ஏற்க மாட்டேன். சந்தேகம் வந்தால் இன்னொரு நாள் எடுத்துப் பார்த்துவிடுவதே மேல்.

மொத்தமா, ஃப்ரீயா?

ரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டிரோனில் 2 முதல் 3 சதவீதம்தான் எதிலும் ஒட்டாமல் திரிகிறது, இதைத்தான் ஃப்ரீ என்கிறார்கள். மீதியில் ஒரு பகுதி எஸ்எச்பிஜி என்ற புரதத்தோடு இறுக்கமாகவும், இன்னொரு பகுதி ஆல்புமின் என்ற புரதத்தோடு லேசாகவும் ஒட்டியிருக்கும். உடல் பருமன், டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு எஸ்எச்பிஜி குறைவாக இருக்கும். அப்போது மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் ஃப்ரீ அளவு சரியாகவே இருக்கலாம். வயது கூடும்போதும், கல்லீரல் நோயிலும், தைராய்டு அதிகமாகச் சுரக்கும்போதும் எஸ்எச்பிஜி ஏறும். அப்போது மொத்தம் நன்றாக இருந்தும் ஃப்ரீ குறைந்திருக்கும்.

இதைப் படித்தால் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்தான் மேலானது என்று தோன்றும். அதை எப்படி அளந்தார்கள் என்பதைப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள். ஒட்டாத பகுதியைச் சவ்வு வழியாகப் பிரித்து அளக்கும் ஈக்விலிப்ரியம் டயாலிசிஸ் முறைதான் நம்பகமானது, ஆனால் செலவு கூடுதல், எல்லா லேபிலும் கிடைக்காது. பல இடங்களில் செய்யும் நேரடி இம்யூனோஅஸ்ஸே (ஆன்டிபாடியை வைத்து அளக்கும் முறை) நம்பத் தகுந்ததல்ல. அதற்குக் கொடுக்கும் பணத்தில் எஸ்எச்பிஜி பார்த்துவிடலாம். மொத்த அளவு, எஸ்எச்பிஜி, ஆல்புமின் மூன்றும் கையில் இருந்தால் ஃப்ரீ அளவைக் கணக்குப் போட்டே ஓரளவு சரியாக எடுத்துவிடலாம். தொடர் பரிசோதனைக்கு மொத்த அளவே போதும். எஸ்எச்பிஜி ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எடையோ வேறு நோய் நிலையோ பெரிதாக மாறினால் மட்டும் மறுபடி பார்க்கலாம்.

இம்யூனோஅஸ்ஸேயா, மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியா?

துல்லியத்தில், மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கே முதலிடம், அதில் சந்தேகமில்லை. குறிப்பாக மிகக் குறைந்த அளவுகளில் இரண்டுக்கும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் சிகிச்சையில் இருப்பவரின் அளவு நடுத்தரத்தில் இருக்கும்போது நல்ல இம்யூனோஅஸ்ஸே போதும். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில், ஒரே முறையில் எடுப்பது அதைவிட முக்கியம். லேப் மாறினால் எண் மாறும். இயல்பு வரம்பும் லேபுக்கு லேப் வேறாகத்தான் அச்சிட்டிருப்பார்கள்.

முடிக்காகவும் நகத்துக்காகவும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க: சில இம்யூனோஅஸ்ஸேக்களில் பயோட்டின் குறுக்கிட்டு டெஸ்டோஸ்டிரோனை அதிகமாகக் காட்டிவிடும். டெஸ்டுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று லேபிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்குச் செலவழிப்பது என்றால் எஸ்ட்ராடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்குச் செலவழிக்கலாம். ஆண்களிடம் அது இருக்கும் அளவு மிகக் குறைவு என்பதால் சாதாரண முறை தடுமாறும். அதையும் மார்பகம் வலித்து வீங்கினால் பார்த்தால் போதும். எந்தத் தொந்தரவும் இல்லாதபோது எஸ்ட்ராடையாலைப் பார்த்து, அதைக் குறைக்க மாத்திரை போடுவது எலும்புக்குக் கெடுதல். ஆணின் எலும்புக்கும் ஈஸ்ட்ரோஜன் வேண்டும்.

எல்லாவற்றையும்விட ஹீமடோக்ரிட்

இத்தனை நேரம் டெஸ்டோஸ்டிரோன் எண்ணையே பேசினோம். ஆனால் உடனடி ஆபத்தைச் சொல்லக்கூடிய எண் சாதாரண முழு ரத்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன், இரும்பைத் தடுத்து வைக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அடக்கி இரும்புச் சத்தை விடுவிக்கிறது, சிவப்பணு உற்பத்தியையும் தூண்டுகிறது. ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதே ஹீமடோக்ரிட். சிகிச்சைக்கு முன் ஒருமுறை, தொடங்கி 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். 54 சதவீதத்தைத் தாண்டினால் சிகிச்சையை நிறுத்தி, அளவு இறங்கியபின் குறைந்த டோஸில் மறுபடி தொடங்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்வார்கள், அதுவும் சிவப்பணுவை ஏற்றும்.

ஊசியில் இந்த ஏற்றம் அதிகம், ஜெல்லில் குறைவு. 52, 53 என்று ஏறிக்கொண்டே வருபவருக்கு என்ன வழி? ரத்ததானம் செய்து குறைத்துக்கொண்டு அதே டோஸைத் தொடர்வதைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்தால் உடம்பின் இரும்புச் சத்து தீரும், ஏற்றத்துக்குக் காரணமான டோஸோ அப்படியே இருக்கும். டோஸைக் குறைப்பது, சிறிய டோஸாக அடிக்கடி போடுவது, ஜெல்லுக்கு மாறுவது என்று மூல காரணத்தைத் தொடுகிற வழிகளை டாக்டரோடு முதலில் பேசிவிட வேண்டும். இன்னொன்று, உடம்பில் நீர் வற்றியிருந்தாலும் ஹீமடோக்ரிட் ஏறிக் காட்டும். கடுமையாக வியர்த்த உடற்பயிற்சிக்குப் பின் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக லேபுக்குப் போகாதீர்கள்.

பிஎஸ்ஏ, எல்எச்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பிஎஸ்ஏவை (ப்ராஸ்டேட் சுரப்பியிலிருந்து ரத்தத்துக்கு வரும் புரதம்) சிகிச்சைக்கு முன்பும், தொடங்கி 3 முதல் 12 மாதத்திலும் பார்ப்பது வழக்கம். இங்கே ஒற்றை எண்ணைவிட ஏற்றத்துக்கே மதிப்பு. முதல் ஆண்டுக்குள் மில்லிலிட்டருக்கு 1.4 நானோகிராமுக்கு மேல் கூடினாலோ, மொத்தம் 4-ஐத் தாண்டியது உறுதியானாலோ யூராலஜி மருத்துவரிடம் போக வேண்டும். முடி கொட்டுவதற்காக ஃபினாஸ்டரைடு சாப்பிடுபவர் அதை மறக்காமல் சொல்ல வேண்டும், அந்த மாத்திரை பிஎஸ்ஏவைப் பாதியளவுக்குக் குறைத்துக் காட்டும்.

விரைகளுக்கு மூளை அனுப்பும் கட்டளை ஹார்மோன்களான எல்எச், எஃப்எஸ்எச் இரண்டும் சிகிச்சையில் இருப்பவருக்கு அடிமட்டத்தில்தான் இருக்கும். 'மிகக் குறைவு' என்று ரிப்போர்ட்டில் பார்த்துப் பதற வேண்டாம், வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வருவதால் மூளை தன் கட்டளையை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். டோஸ் சரியா என்பதை இவை சொல்லாது, அதனால் ஆண்டுதோறும் பார்க்கத் தேவையில்லை. ஆனால் அதே கட்டளை நின்றுபோவதால் விந்தணு உற்பத்தியும் குறையும், சிலருக்கு முழுவதுமாக நின்றேவிடும். குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருப்பவர் இதை அடுத்த ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவருக்குத் தேவை விந்தணுப் பரிசோதனை, கூடவே வேறு மருந்து பற்றிய பேச்சு.