"விளம்பரமே வராது" என்று சொல்லி விற்கிறார்கள், நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம் பக்கம் வீடு வீடாக வந்து ஃபைபர் இணைப்பு விற்கிறார்கள். ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் சினிமா பார்க்கும் செயலியும் சேர்ந்து கிடைக்கும் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த பையனிடம் நான் முதலில் கேட்டதே விளம்பரத்தைப் பற்றித்தான். "விளம்பரமே வராதுங்க அக்கா, டிவி மாதிரி இருக்காது" என்றான். அத்தையும் பக்கத்தில் இருந்து கேட்டார். அவரை நம்பவைத்துத்தான் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். சொன்னது முழுப் பொய்.

அத்தைக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. முட்டிவலியால் வெளியே போவது நின்றுவிட்டது. இளவயதில் பொள்ளாச்சிக் கொட்டகைகளில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படங்களை மறுபடி பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. இணைப்பு வாங்கியதே அதற்காகத்தான். படம் தொடங்கும் முன் இரண்டு விளம்பரங்கள் வந்தன. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மகன் இறந்த செய்தி தாய்க்கு வந்து சேரும் காட்சியில், அவள் வாய் திறப்பதற்குள் ஒரு நகைக்கடையின் ஓண விளம்பரம் புகுந்தது. மலையாளத்தில், படத்தைவிடப் பெரிய சத்தத்தில். இணைப்பு பாலக்காடு மாவட்டத்தில் இருப்பதால் தமிழ்ப் படத்துக்குள்ளும் கேரளத்துக்கான விளம்பரம்தான் வருகிறது. "படம் முடிந்துவிட்டதா கண்ணு?" என்று அத்தை என்னைக் கேட்டார். அந்தப் படத்தை ஒரு முறையாவது பார்த்த யாரும் அந்த இடத்தில் வெட்டியிருக்க மாட்டார்கள். 'இடைவேளை' என்று எழுத்துப் போட்டு நிற்கும் இடத்தில் விளம்பரம் வரவே இல்லை!

ரிமோட்டில் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் விளம்பரம் நகராது. திரையின் மூலையில் வினாடிகள் குறைவதைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காதில் விழாத வசனத்துக்காகக் கொஞ்சம் பின்னால் போனால், திரும்பி வரும்போது அதே விளம்பரம் மறுபடி ஓடுகிறது. மழைக்காலத்தில் இங்கே மின்சாரம் அடிக்கடி போய்வருவது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு முறை செயலியைத் திறக்கும்போதும் தொடக்க விளம்பரங்களையும் முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். அத்தை இப்போது படம் போடு என்று கேட்பதையே விட்டுவிட்டார். எனக்கு ஆத்திரம் வருவது அதை நினைத்துத்தான், பணம் போனதைவிட.

தொலைக்காட்சிக்காவது ஒரு வரம்பு இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் விளம்பரம் கூடாது என்று 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் சொல்கின்றன. அந்த விதி செயலிகளுக்குப் பொருந்தாது.

விற்றவர்களிடம் கேட்டபோது, எங்களுக்குக் கொடுத்தது அடிப்படைத் திட்டமாம்; விளம்பரம் வேண்டாம் என்றால் மேலே பணம் கட்ட வேண்டுமாம். ரசீதில் செயலியின் பெயர் மட்டும் இருக்கிறது, எந்தத் திட்டம் என்று ஒரு சொல் இல்லை. வற்புறுத்திக் கேட்டால், "அலுவலகம் கோயம்புத்தூரில் இருக்கிறது, அங்கே போய்ப் பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எல்லையோரத்து ஆட்களை அலைக்கழிக்க இது வசதியான பதில்.

அப்படி அலைய வேண்டிய தேவை இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவையின் தரத்தைப் பற்றி வாய்மொழியாகச் சொன்ன பொய்யும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம்தான். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவுசெய்துகொள்வது நல்லது.

இனி வாங்குபவர்கள் ஓராண்டுப் பணத்தை ஒரேயடியாகக் கொடுக்க வேண்டாம், ஒரு மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். செயலியில் எந்தத் திட்டம், விளம்பரம் உண்டா இல்லையா என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அனுப்பிவிடுங்கள்.

நாங்கள் பாலக்காட்டு ஆணையத்துக்குப் போகிறோம். ஒரே குறை உள்ள பலர், ஆணையத்தின் அனுமதியோடு, சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்க வழி இருக்கிறது. இதே பேச்சை நம்பிக் கட்டியவர்கள் ரசீதை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குத் தகவல் சொல்லுங்கள்.