டிங்கிக்கு எந்த மோட்டார்? சாங்கியில் சில ஆண்டு அனுபவம்

டிங்கி என்கிற சின்னப் படகுக்கு மோட்டார் வாங்கப் போகிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை எச்பி?" என்றுதான். சிங்கப்பூரில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது "எத்தனை கிலோ?" மரினா என்னும் படகுத்துறையில் சொந்த இடமும் பூட்டி வைக்க அறையும் உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. மோட்டாரை வீவக அடுக்குமாடி வீட்டின் லிஃப்டில் ஏற்றி இறக்கிக் காரில் போட்டுக் கடலுக்குக் கொண்டுபோகிற என்னைப் போன்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து வைத்திருக்கும் பழைய பாய்மரப் படகு சாங்கிப் பக்கம் மிதவையில் கட்டிக் கிடக்கிறது. கரைக்கும் படகுக்கும் இடையே போய்வர, 3 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான காற்றடைத்த டிங்கி ஒன்று. வேலை முடிந்த மாலைகளில் அதிலேயே புலாவ் உபின் தீவின் ஓரமாக ஒரு சுற்று. இதற்காக வாங்கியது ஜப்பான் தயாரிப்பு நாலு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்பலகையில் வெளியே மாட்டும் மோட்டார்), 3.5 குதிரைசக்தி, தண்ணீரில் குளிரும் வகை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறைகளையும் சொல்லப் போகிறேன், அவற்றில் பாதி எல்லா நிறுவனங்களுக்கும் பொது.

எடைக்கு வருகிறேன். இந்த அளவில் சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் 13 முதல் 18 கிலோவுக்குள் இருக்கும். ஹோண்டா பிஎஃப்2.3, சுசுகி டிஎஃப்2.5 இரண்டும் 13, 14 கிலோ. யமஹா எஃப்2.5 ஏறக்குறைய 17. தொஹாட்சுவின் 3.5 இன்னும் ஒரு கிலோ கூட. காகிதத்தில் பார்த்தால் நாலைந்து கிலோ ஒரு பொருட்டாகத் தெரியாது. அலையில் ஆடும் டிங்கியில் நின்றுகொண்டு, ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்து, மறு கையால் மோட்டாரை மேலே இருப்பவரிடம் நீட்டும்போது ஒவ்வொரு கிலோவும் தோளில் கணக்குச் சொல்லும். 4, 5, 6 குதிரைசக்தி மோட்டார்கள் 26 கிலோவைத் தொடும். அதை ஒருவர் தூக்கலாம், அடிக்கடி தூக்க முடியாது. நாற்பதைத் தாண்டிய முதுகோடு சொல்கிறேன்.

சரி, எச்பி. 3 மீட்டருக்குக் குறைந்த டிங்கி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் வரை அதன் வேகம் ஏறக்குறைய மணிக்கு 4 நாட்டிகல் மைலில், அதாவது 7 கிலோமீட்டர் சொச்சத்தில், முட்டி நின்றுவிடும். அந்த நீளத்துக்கு அதுதான் இயற்கையான எல்லை. தண்ணீர் மேல் எழும்பி வழுக்கிப் போக வேண்டுமென்றால் ஆள் எடையைப் பொறுத்து 6 முதல் 10 குதிரைசக்தி தேவை. இரண்டுக்கும் நடுவே பணம் போட்டால் எடை கூடும், வேகம் பெரிதாகக் கூடாது. 4, 5, 6 என்று மூன்று விலையில் விற்கிற தொஹாட்சு மோட்டார்களில் எஞ்சின் ஒன்றேதான், 123 சிசி. அதனால் அந்த வரிசையில் வாங்குவதாக இருந்தால் நேரே 6ஐயே வாங்குங்கள். எடை எப்படியும் ஒன்றுதானே.

அப்படியானால் 2.3 எச்பிக்கும் 3.5 எச்பிக்கும் வித்தியாசமே இல்லையா? அமைதியான தண்ணீரில் அதிகம் இல்லை. சிங்கப்பூர்க் கடலில் உண்டு. இங்கே ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற வற்ற வித்தியாசம் 3 மீட்டர் வரை போகும், தீவுகளுக்கு நடுவே உள்ள ஒடுக்கங்களில் நீரோட்டம் மணிக்கு 2, 3 நாட்டிகல் மைல் வேகத்தில் இழுக்கும். 4இல் ஓடும் டிங்கி 3இல் இழுக்கும் நீரை எதிர்த்தால் மிச்சம் 1. நடக்கிற வேகம்கூட இல்லை. மூன்று பேர், தண்ணீர்க் கேன், சாப்பாட்டுப் பை என்று ஏற்றிவிட்டு எதிர்க்காற்றும் சேர்ந்தால், 2.3 மோட்டார் முக்கி முனகும் இடத்தில் 3.5 தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நான் கூடுதல் எடையை ஏற்றுக்கொண்டதற்கு இந்த ஒன்றுதான் காரணம். லாசரஸ், குசு தீவுகள் பக்கமெல்லாம் டிங்கியில் மட்டும் போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேண்டாம். பெரிய கப்பல் ஒன்று கடந்த பிறகு வரும் அலையே போதும், நனைந்து திரும்புவீர்கள். நீரோட்டத்துக்கு மருந்து பெரிய மோட்டார் அல்ல. கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் பாதிப் பெட்ரோல் மிச்சம்.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்றும் உண்டு. விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கே வானம் கறுத்து, சுமத்ரா ஸ்குவால் வந்து இறங்கும். காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். அப்போது 3.5 என்ன, 6 இருந்தாலும் டிங்கி கரையில்தான் இருக்க வேண்டும்.

இந்தச் சில ஆண்டுகளில் என் மோட்டாரின் பலவீனங்கள் என்று பார்த்தால் இரண்டு. உப்பு, பழைய பெட்ரோல்.

தண்ணீரில் குளிரும் மோட்டார் கடல்நீரை உள்ளே இழுத்து எஞ்சினைச் சுற்றவிட்டு வெளியே தள்ளுகிறது. பின்பக்கம் ஒரு சிறு துளையிலிருந்து நீர் பீச்சுவது அந்த ஓட்டம் சரியாக நடக்கிறது என்பதற்கான அடையாளம். ஒவ்வொரு பயணத்துக்கும் பிறகு நல்ல தண்ணீரில் பத்து நிமிடமாவது ஓடவிடாவிட்டால் உள்வழிகளில் உப்பு கட்டிப்போகும். வீட்டில் இதற்கென்று பெரிய குப்பைத் தொட்டி ஒன்று வாங்கினேன். பின் அதைக் கைவிட்டுப் படகுக்கழகத்தின் கழுவுமிடத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளப் பழகினேன். காரணம் எளிது. "பெட்ரோல் வாடை வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா நீங்களும் உங்க மோட்டாரும் கீழ்த்தளத்துலதான் படுக்கணும்" என்று மனைவி சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் மோட்டாரின் டேங்க் காலியாக இருக்கும். பெட்ரோல் கேன் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகலாமா என்று ஒருவர் கேட்டார். தூரியானோடு சேர்த்து எரியும் பொருள்களுக்கும் அங்கே தடைப் பலகை தொங்குகிறது ஐயா, அதற்கு அபராதத் தொகையே 5,000 வெள்ளி என்று போட்டிருக்கிறார்கள்.

நீரை இழுக்கும் பம்புக்குள் இருக்கும் ரப்பர் இம்பெல்லரை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மணலோடு நீரை இழுத்தால் அதற்கு முன்பே தேய்ந்துவிடும். வற்றக் கடலில் உபின் கரையோரம் ஓட்டுபவர்கள் கவனிக்க. என் மோட்டாரில் பீச்சும் நீர் மெலிந்துகொண்டே வந்தது, திறந்து பார்த்தால் இம்பெல்லரின் இதழ்கள் ஒரு பக்கமாக மடிந்து இறுகிப்போயிருந்தன. விலை குறைவு, மாற்றுவதும் எளிது. ஆனால் சில மாடல்களில் அங்கே போய்ச்சேர பாதி மோட்டாரைக் கழற்ற வேண்டும். வாங்கும் முன்பே கடைக்காரரிடம் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் ஹோண்டா பிஎஃப்2.3. காற்றில் குளிரும் எஞ்சின், இம்பெல்லர் கிடையாது, உள்வழியில் உப்பு கட்டும் பேச்சும் கிடையாது. கியர் மாற்றும் நெம்புகோலும் இல்லை. வேகத்தைக் குறைத்தால் கிளட்ச் தானாக விட்டுவிடும். விலையாகக் கொடுப்பது காது. பக்கத்தில் உட்கார்ந்து பேசவே முடியாத சத்தம். கரைக்கும் படகுக்கும் மட்டும் போய்வருகிற, தனியாகத் தூக்க வேண்டிய ஆளுக்கு அதைத்தான் சொல்வேன். எங்கள் வேலைக்கு 2.3 சற்றுக் குறைவு.

பெட்ரோல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. இத்தனை சின்ன மோட்டாரில் கார்புரேட்டரின் ஜெட் துளை குண்டூசி முனை அளவுதான். சில வாரம் ஓட்டாமல் விட்டால் உள்ளே தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசினாகி அதை அடைத்துவிடும். அதன் பிறகு கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் பயனில்லை. கிளம்பினாலும் சோக் போட்டால்தான் ஓடுவேன் என்று அடம்பிடிக்கும். கடைசியாகக் கரைக்கு வரும்போது பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் தானே அணையும் வரை ஓடவிடுவது நல்ல பழக்கம். அப்புறம் கார்புரேட்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிட்டால் இன்னும் நல்லது. இதை ஒழுங்காகச் செய்யத் தொடங்கிய பிறகு கார்புரேட்டர் சுத்தம் செய்ய மெக்கானிக்கிடம் போகவில்லை.

நாலு ஸ்ட்ரோக்கில் இன்னொரு கெடுபிடி, படுக்கவைக்கும் திசை. கையேட்டில் சொன்ன பக்கமாகப் படுக்கவைக்காவிட்டால் அடித்தொட்டி ஆயில் சிலிண்டருக்குள் ஏறிவிடும். எங்கள் மூவரில் யார் காரில் ஏற்றினாலும் தெரியட்டும் என்று மோட்டாரின் மேல் பெயிண்டில் அம்புக்குறி போட்டிருக்கிறேன். பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார்களில் இந்தப் பிரச்சினையே இல்லை, எடையும் குறைவுதான். அதனால்தான் அவற்றைக் கைவிட மனமில்லாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் 50க்கு 1 என்று ஆயில் கலக்கும் வேலையும், நீரின் மேல் படரும் எண்ணெய்ப் படலமும் எனக்கு ஒத்துவராது.

மின்சார மோட்டாரைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நண்பர் ஒருவர் ஈபுரொப்பல்ஷன் ஸ்பிரிட் வைத்திருக்கிறார், அடிக்கடி கடன் வாங்கி ஓட்டியிருக்கிறேன். 1,276 வாட்-அவர் பேட்டரி, 1,000 வாட் மோட்டார். முழு வேகத்தில் ஒன்றேகால் மணி நேரம். ஆனால் டிங்கியின் வேகத்தை 4இலிருந்து 3க்குக் குறைத்தால் தேவைப்படும் சக்தி பாதிக்கும் கீழே இறங்கிவிடும், அதனால் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் கிடைக்கும். பேட்டரி தனியாகக் கழன்றுவரும், தண்ணீரில் விழுந்தாலும் மிதக்கும். சத்தமில்லை, வாடையில்லை, கார்புரேட்டர் இல்லை. வீவக வாசிக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது என்றுதான் தோன்றும். நான் இன்னும் வாங்காததற்கு விலை ஒரு காரணம், நீரோட்டம் இன்னொரு காரணம். பெட்ரோல் குறைந்தால் கேனிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். எதிர்நீரில் பேட்டரி இறங்கத் தொடங்கினால் துடுப்புதான் கதி.

எந்த மோட்டாரானாலும், அது டிங்கியில் ஏறிய உடனே எஞ்சின் படகு ஆகிவிடுகிறது. படகுக்கு ஆணையத்தின் உரிமம், ஓட்டுபவருக்குப் பிபிசிடிஎல் ஓட்டுநர் உரிமம் இரண்டும் வேண்டும். மோட்டாரின் விலையைக் கணக்குப் போடும்போது இவற்றின் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய மோட்டார் வாங்குபவர்களுக்கு. டிங்கியின் பின்பலகை பெரும்பாலும் 15 அங்குல உயரம், குட்டை ஷாஃப்டே (நீருக்குள் இறங்கும் தண்டு) பொருந்தும். 20 அங்குல நீள ஷாஃப்ட் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். விற்பவரின் இடத்துக்குப் போனதும் பேச்சைத் தொடங்கும் முன் மோட்டாரின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே கஷ்டப்பட்டுக் கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு அடியிலுள்ள கியர் ஆயில் திருகைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். வடியும் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய்க் கடல்நீர் உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த மோட்டாருக்கு எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.