ஒரிஜினலா, டூப்ளிகேட்டா: கண்ணை நம்புவதா, காகிதத்தையா, மெஷினையா?

விலை உயர்ந்த வாட்ச் ஒன்று செகண்ட் ஹேண்டாக விற்பனைக்கு வருகிறது. அசல்தானா என்று பார்க்க மூன்று வழிகள். வெளிப்பக்கத்தைக் கண்ணால் சோதிப்பது, கூட வரும் பெட்டி, கார்டு, வரிசை எண்ணை நம்புவது, பின்மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது. மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. கண் போலியைப் பிடிக்கும். அசல் என்று உறுதி சொல்ல அதற்கு வலு இல்லை.

கண் சோதனைகளில் ரொம்பப் பிரபலமானது நொடி முள். டிக் டிக்கென்று தாவினால் போலி, வழுக்கிக்கொண்டு போனால் அசல் என்பார்கள். இதில் இரண்டு பக்கமும் ஓட்டை. ரோலெக்ஸே 1977-இல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற பேட்டரி வாட்சைக் கொண்டுவந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் விற்றது. அதில் முள் நொடிக்கொரு முறை தாவத்தான் செய்யும். கார்டியே நிறுவனத்தின் டேங்க் வாட்சிலும் குவார்ட்ஸ், அதாவது பேட்டரி மாடல்கள் உண்டு. மறுபக்கம், இன்றைய போலிகள் பலவற்றுக்குள் இருப்பதும் கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் மெஷின்தான். மணிக்கு 28,800 அதிர்வு, அதாவது நொடிக்கு எட்டு. இன்றைய ரோலெக்ஸ் சப்மரீனரும் அதே எட்டுதான். முள்ளை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

கண்ணாடி மேல் தண்ணீர்த் துளி விட்டு, அது பரவாமல் உருண்டு நின்றால் அசல் சஃபையர் கண்ணாடி என்று சொல்வதும் அப்படித்தான், சஃபையர் கண்ணாடி போலிக்காரர்களுக்கும் எட்டிய பொருள். எடை பார்ப்பது தங்க மாடல்களுக்கு மட்டும் உதவும்: 18 காரட் தங்கம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு அடர்த்தி. முழுத் தங்கம் என்று சொல்லப்படும் வாட்ச் கையில் லேசாக இருந்தால் அங்கேயே கீழே வைத்துவிடலாம்.

ஆனால் குறிப்பிட்ட மாடலைத் தெரிந்துகொண்டு பார்க்கும் கண் வேறு. 2000-க்குப் பிறகு வந்த ரோலெக்ஸ் டேடோனாவை எடுத்துக்கொள்வோம். சாதாரண நொடி ஓடுவது 6 மணி இடத்துச் சின்ன வட்டத்தில். நடுவில் உள்ள நீள முள் ஸ்டாப்வாட்சுக்கானது, மேல் பட்டனை அழுத்தினால்தான் கிளம்பும், மறுபடி அழுத்தினால் நிற்கும். மலிவான போலியில் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் நடு முள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதன் சின்ன வட்டங்களில் ஒன்று கிழமையையோ 24 மணி நேரத்தையோ காட்டும். பூதக்கண்ணாடியே வேண்டாம், ஒரு நிமிடம் போதும்.

பழைய வாட்சுகளில் இன்னொரு நல்ல துப்பு உண்டு. டயலின் கீழ் ஓரத்தில், இருட்டில் ஒளிரும் பூச்சில் கலந்த டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருளைக் குறிக்கும் 'டி' எழுத்து இருந்தால், அந்தப் பூச்சின் கதிரியக்கம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்று கூடுதலான காலத்தில் பாதியாகிவிடும். 1970-களின் வாட்ச் என்று சொல்லி, விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் பளிச்சென்று ஒளிர்ந்தால் பூச்சு புதிது, அல்லது டயலே மாற்றப்பட்டது. வாட்ச் முழுவதும் போலி என்று ஆகிவிடாது. விலை பேசும்போது கதை மாறும், அவ்வளவுதான்.

அடுத்து காகிதம். மூன்றில் எனக்கு நம்பிக்கை குறைந்தது இதில்தான். வாட்ச் செய்வதைவிட கார்டு அச்சடிப்பது சுலபம். ஒரு அசல் வரிசை எண்ணை நூறு போலிகளில் பொறிப்பதற்கும் தடை ஏதும் இல்லை. அசல் பெட்டியும் கார்டும் தனியாக விலைக்குப் போகின்றன. அவை எந்த வாட்சோடு போய்ச் சேரும் என்று யார் கண்டது? பட்டெக் ஃபிலிப் என்ற சுவிஸ் வாட்ச் நிறுவனம் தன் பழைய பதிவேட்டிலிருந்து தரும் சான்று இதைவிட மதிப்பானது. என்றாலும் அது சொல்வது, இந்த எண்ணில் இப்படியொரு வாட்ச் இந்த ஆண்டில் தயாரானது என்பதை மட்டும்தான். கையில் இருப்பது அதே வாட்சா என்பதை வாட்சைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மிச்சம் மெஷின். பல ஆண்டுகள் சப்மரீனரில் இருந்த ரோலெக்ஸின் 3135 மெஷினையும், போலிகளில் அதிகம் வரும், ஈடிஏ என்ற சுவிஸ் நிறுவனத்தின் 2824 வகை மெஷினையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் முகத்தில் அறையும். 3135-இல் பேலன்ஸ் வீலின், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரத்தின் மேல் உள்ள தகடு பாலம் மாதிரி இரண்டு பக்கமும் திருகி நிற்கும். 2824-இல் ஒரே பக்கம்தான் பிடிப்பு. 2824-இல் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சின்ன நெம்பு இருக்கும். 3135-இல் அது கிடையாது, வீலின் விளிம்பில் உள்ள குட்டித் திருகுகளைத் திருப்பித்தான் நேரம் சரி செய்கிறார்கள். இந்த அமைப்பையே நகலெடுத்த போலி மெஷின்களும் வந்துவிட்டன. அங்கே தகடுகளின் ஓரச் சீவல், திருகுத் தலைகளின் சுத்தம் வரை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும், அது பழகிய கைக்கான வேலை. உள்ளே அசல் மெஷின் இருந்து கேஸ், அதாவது வெளிக்கூடு மட்டும் போலியான கலப்படங்களும் உண்டு. ஆகவே மெஷின், கேஸ், டயல் மூன்றும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையா என்றும் ஒத்துப்பார்க்கத்தான் வேண்டும்.

திறப்பதற்கு முன் டைம்கிராஃபர் என்ற கருவியில் வைத்துவிடுவது நல்லது. அது வாட்சின் சத்தத்தைக் கேட்டே அதிர்வைச் சொல்லிவிடும். 2018 முதல் வரும் ஒமேகா சீமாஸ்டர் டைவர் 300 எம்-இல் உள்ள 8800 மெஷின் ஓடுவது மணிக்கு 25,200 அதிர்வில். கருவி 28,800 என்று காட்டினால் மூடியில் கை வைக்கவே தேவையில்லை. 25,200 வந்தால் அப்புறம் திறக்கலாம்.

திறப்பதிலும் செலவு இருக்கிறது. மூடிக்கேற்ற சாவி வேண்டும், மூடிய பிறகு தண்ணீர் புகாமல் இருக்கிறதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். விற்பவர் இதைச் சாக்காகச் சொல்லித் தயங்கினால், சோதனைச் செலவை நானே ஏற்கிறேன் என்று சொல்லிப் பார்க்கலாம். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நான் அந்த வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், கார்டு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி.