முட்டி வலிக்கு ஊரில் ‘கரண்டு’ வைக்கப் போகிறவர்களுக்கு

லீவில் ஊருக்கு வருகிறவர்கள் பல், கண்ணாடி வேலைகளோடு முட்டி வலியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறார்கள். திருச்சி தில்லைநகர் போன்ற இடங்களில் பிசியோ கிடைப்பது சுலபம். என்ன கேட்டு வாங்குவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம். படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி நாலு பேடு ஒட்டி லேசாக மின்சாரம் பாய்ச்சும் ஐஎஃப்டி (இதுதான் ‘கரண்டு’), பிறகு ஒலியலை செலுத்தும் அல்ட்ராசவுண்ட் என்று பத்து நாள் பேக்கேஜ் சொல்வார்கள். அப்போதைக்கு வலி தணியலாம், தசை வலுக்காது. மூட்டுத் தேய்மானத்துக்கு இவ்விரண்டும் வேண்டாம், உடற்பயிற்சியே முதன்மை என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2022இலேயே சொல்லிவிட்டது.

அந்தப் பணத்தில் முறையான பரிசோதனையும் பயிற்சி கற்றுத்தரும் சில அமர்வுகளும் கேளுங்கள். முன்தொடையில் நான்கு தசை சேர்ந்த குவாட்ரிசெப்ஸ், பின்தொடையில் மூன்று ஹாம்ஸ்ட்ரிங், இடுப்பின் பக்கவாட்டில் குளூட்டியஸ் மீடியஸ் என எல்லாவற்றின் பலத்தையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது தளர்ந்திருந்தால் படி ஏறும்போது முட்டி உள்ளே சாயும். இடுப்பையே சோதிக்காதவரிடம் பேக்கேஜ் கட்டாதீர்கள். எக்ஸ்ரேயும் நின்றபடி எடுத்ததாக இருக்கட்டும். படுத்து எடுத்தால் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது தெரியாமல் போகலாம்.

முதல் பயிற்சிக்கு ஒரு துண்டு போதும். காலை நீட்டி, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து விடுங்கள், 10 முறை. அடுத்து நேர்க்கால் தூக்கல்: மல்லாந்து படுத்து, மற்றக் காலை மடித்து வைத்து, நேராக நீட்டிய காலை மடித்த முட்டியின் உயரத்துக்கு மேல் போகாமல் தூக்க வேண்டும். தூக்கும் கால் லேசாக மடங்கினால் குவாட்ரிசெப்ஸ் இன்னும் தயாரில்லை. துண்டுப் பயிற்சிக்கே திரும்புங்கள். அடுத்தது குளூட்டியஸ் மீடியஸுக்கு, ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. அப்போது கால்விரல் மேலே பார்த்தால் வேலை இடுப்பின் முன்தசைக்குப் போய்விடும். மூச்சை அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் ஏறும். பிறகு நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுதல். படி ஏறும் பயிற்சியை 10 செ.மீ. பலகையில் தொடங்கலாம், வாசற்படி பெரும்பாலும் அதைவிட உயரம். மறுநாள் வீக்கமோ கூடுதல் வலியோ இருந்தால் அளவைப் பாதியாக்குங்கள்.

பலன் தெரிய எட்டுப் பன்னிரண்டு வாரம் ஆகும். லீவு அதற்குள் முடிந்துவிடும். அதனால் பயிற்சிகளைச் சரியாகச் செய்வதை மொபைலில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டோடு இருக்கும் அம்மா அப்பாவுக்கு, 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோ சேவையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். இரவில் அவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கினால் எடுத்துவிடுங்கள், கால் முழுசாக நீளாமல் போகும். முட்டி பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு சூடாக வீங்கினாலோ பிசியோவுக்கு முன் டாக்டரிடம்.